எள்ளுப் போர்த்திய கோழி: மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது?

கோழித் துண்டை எள்ளில் புரட்டி எண்ணெயில் போட்டால் அது மூன்று விதமாகக் கெடும். எள்ளு முழுக்க உதிர்ந்து தாச்சியின் அடியில் கருகிக் கிடக்க, கோழி வெறும் உடம்போடு மிதக்கும். அல்லது எள்ளு கறுத்துக் கசந்துவிடும், பிட்டுப் பார்த்தால் உள்ளே இறைச்சி இன்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அல்லது எல்லாம் சரியாக வந்திருக்கும். சோறு போட்டு ஆட்கள் வந்து உட்காருவதற்குள் மேல்தோல் பதத்துப்போயிருக்கும். மூன்று குறைக்கும் மூலம் ஒன்றுதான்: தண்ணீர். எவ்வளவு தண்ணீர், எந்த இடத்தில், எந்த நிமிடத்தில் இருக்கிறது என்பதைக் கவனித்தால் இந்தச் சமையல் கைக்கு வந்துவிடும். மசாலா, மா, முட்டை, எண்ணெய் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதற்கு வேண்டிய சாமான் எங்கே கிடைக்கும் என்று பார்க்கக் கண்டக்குழியை எடுத்துக்கொள்வோம். அது கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த கடல், குடாநாட்டின் மறுபக்கம் புத்தளம் களப்பு. மீன்தான் ஊரின் முதல் சாப்பாடு. ஆனால் வைகாசி பிறந்து தென்மேல் காற்று பலமாக அடிக்கத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும்; வள்ளங்கள் இறங்காத நாட்கள் கூடும். அந்த மாதங்களில் பல வீடுகளில் தாச்சிக்குக் கோழி வந்துவிடும். கோழிக்கு இங்கே பஞ்சமில்லை. புத்தளமும் குருநாகலும் சேர்ந்த வடமேல் மாகாணம் இலங்கையின் கோழி வளர்ப்புக்கு நடுநாயகமான இடம். பொரிக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டும். தென்னை முக்கோணத்தின் ஒரு மூலையே இந்த மாவட்டம்தான். எள்ளு உலர் வலயத்துப் பயிர். பங்குனி, சித்திரையில் சிறுபோகத்துக்கு விதைத்தால் பெரிதாகத் தண்ணீர் கேட்காமல் விளையும். செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் கற்பிட்டி மணலிலேயே விளைகின்றன. உப்போ பாலாவிப் பக்கத்து உப்பளங்களில். சீனச் சாப்பாட்டுக் கடைகளின் பலகையில் பார்த்து நாம் வெளியூர்ச் சாமான் என்று நினைக்கும் எள்ளுக்கோழிக்கு வேண்டிய அத்தனையும் ஒரு நாள் பஸ் பயணத் தூரத்துக்குள் கிடைக்கிறது. இதைக் கடையில் வாங்கித் தின்பதைவிட வீட்டில் செய்யப் பழகுவதே சரி என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த உப்பளத்தைக் கொண்டே இந்தப் பொரியலை விளங்கிக்கொள்ளலாம். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு. அதைப் பாத்தியில் நிறுத்திவிட்டால் வெயிலும் காற்றும் தண்ணீரை எடுத்துக்கொண்டே போகும். ஆனால் நாட்கணக்கில் உப்பு என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போன பிறகுதான் முதல் உப்புப் பரல் விழும். அதுவரை பொறுக்க வேண்டும். விழத் தொடங்கிய பிறகு எல்லாம் வேகமாக நடக்கும், அப்போது கண் அகலக்கூடாது. பாத்தியின் அடித்தரையை முதலிலேயே மிதித்து இறுக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். விளைந்து நிற்கும் நேரத்தில் மழை வந்தால் போட்ட பாடெல்லாம் கரைந்து போகும். பொறுமை, இறுகிய தரை, மழை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு தாச்சிக்கு வருவோம்.

கோழி இறைச்சியின் எடையில் முக்கால் பங்குக்குக் கிட்ட தண்ணீர். அதை எண்ணெயில் விட்டவுடன் மேற்பரப்பில் உள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. தாச்சியில் பொங்கும் குமிழ்கள் எண்ணெயின் கொதிப்பு அல்ல, தண்ணீரின் ஆவி. எண்ணெய் 170 பாகை செல்சியஸில் இருந்தாலும், ஈரம் இருக்கும்வரை கோழியின் மேற்பரப்பு 100 பாகையைப் பெரிதாகத் தாண்டாது. வரும் சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். இதுதான் பாத்தியில் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும் காலம். மேலே உள்ள மெல்லிய படையில் தண்ணீர் தீர்ந்த கணத்தில் சூடு ஏறத் தொடங்குகிறது. 140 பாகையை நெருங்கும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறமும் வறுத்த வாசனையும் எழும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912 இல் விவரித்த இந்த வினைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் போன இடங்களில் நுண்ணிய வெற்றிடங்கள் மிஞ்சும், சுற்றி உள்ள மாவும் புரதமும் காய்ந்து கெட்டியாகும். பல்லில் நொறுங்குவது அந்தச் சுவர்கள்தான்.

அப்படியானால் வேலை தெளிவு. மேலே இருக்கும் தண்ணீர் முழுக்கப் போக வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் போகவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இறுகிய தரை வேண்டும்.

இறைச்சியில் இருந்து தொடங்குவோம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் வளர்ந்த புரொயிலர். இந்தப் பொரியலுக்கு அதுவே பொருத்தம். ஊர்க்கோழியின் தசையில் இணைப்புத்திசு அதிகம். அது இளகுவதற்கு நெடுநேரம் கறியில் கொதிக்க வேண்டும், நாலைந்து நிமிடப் பொரியலில் தோல்வாராகத்தான் இருக்கும். ஊர்க்கோழியைக் கறிக்கே விட்டுவிடுங்கள். புரொயிலரிலும் நெஞ்சு இறைச்சியைவிட எலும்பு நீக்கிய தொடை எனக்குப் பிடிக்கும். அதில் கொழுப்பு சற்றுக் கூட, கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் உலராது.

உறைந்த கோழியானால் முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விட வேண்டும். உறையும்போது உண்டாகும் பனிப்பரல்கள் தசை நார்களைக் கிழித்திருக்கும், இளகும்போது அந்தக் கிழிசல் வழியே நீர் வடியும். அந்த நீரை ஊற்றிவிட்டுச் சுத்தமான துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். குழாயின் கீழ் கழுவுவது நம் வழக்கம். அது தேவையில்லை என்று இரண்டு காரணத்துக்காகச் சொல்கிறேன். தெறிக்கும் நீரோடு கிருமிகள் தொட்டியிலும் பக்கத்தில் உள்ள பாத்திரங்களிலும் பரவும். கிருமியைக் கொல்வது சூடுதான், கழுவல் அல்ல. இன்னொன்று, எந்தத் தண்ணீரை விரட்டப் போகிறோமோ அதையே மேலும் ஊற்றிக்கொள்கிறோம். கழுவாமல் மனம் கேட்காது என்றால் ஒரு பாத்திரத்தில் மெதுவாக அலசி, நன்றாக ஒற்றி எடுத்து, தொட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.

வெட்டும் கனம்தான் பலரும் கவனிக்காமல் விடும் இடம். சூடு இறைச்சியின் நடுவுக்குப் போய்ச் சேரும் நேரம் கனத்தின் வர்க்கத்தோடு ஏறும். கனம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. ஒரு செண்டிமீற்றர் கனத்துக்கு நாலு நிமிடம் போதுமென்றால், இரண்டு செண்டிமீற்றருக்குப் பதினாறு நிமிடம் வரை இழுக்கும். எள்ளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதன் உடம்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். தண்ணீர் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் கிட்டத்தான். விரட்டத் தண்ணீர் இல்லாததால் சூடு நேரே விதைக்குள் ஏறிவிடும். பொன்னிறத்தில் இருந்து கறுப்புக்குப் போக ஒரு நிமிடம்கூட வேண்டாம். எள்ளு கருகி இறைச்சி வேகாமல் இருப்பதற்கு எண்ணெயின் சூட்டைப் பழி சொல்வோம். பெரும்பாலும் கத்திதான் காரணம். துண்டுகள் சுண்டுவிரல் கனத்துக்கு மேல் போகக்கூடாது. நெஞ்சு இறைச்சியானால் இரண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்து உலக்கை அடியால் மெல்லத் தட்டி, எல்லா இடமும் ஒரே கனமாக வரச் செய்யுங்கள்.

அரைக் கிலோ இறைச்சிக்கு ஒரு தட்டைத் தேக்கரண்டி தூள் உப்பு, அதாவது ஆறு கிராம் அளவு. இதை முன்கூட்டியே போட வேண்டும். முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உப்பு இறைச்சியில் இருந்து நீரை வெளியே இழுக்கும். தட்டில் நீர் நிற்பதைக் காணலாம். அந்த நேரத்தில் மாவில் புரட்டினால் மா கூழாகிவிடும், எள்ளு வழுக்கிவிடும். இன்னும் அரை மணி நேரம் பொறுத்தால் அந்த உப்புநீர் திரும்பவும் உள்ளே போகும். உள்ளே போன உப்பு மயோசின் என்ற தசைப் புரதத்தின் ஒரு பகுதியைக் கரைத்து இளக்கும். அப்படி இளகிய புரதம் சூட்டில் இறுகும்போது தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒன்று, உப்புப் போட்டவுடன் பொரிக்க வேண்டும். அல்லது முக்கால் மணி நேரமாவது விட வேண்டும். நடுவில் எடுப்பதுதான் மோசம். பிரிட்ஜில் மூடாமல் இரவு முழுக்க வைத்தால் இன்னும் நல்லது, மேற்பரப்பும் உலர்ந்து வரும்.

உப்போடு அரைத்த உள்ளி, மிளகு, செத்தல் மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த பெருஞ்சீரகம் கொஞ்சம். தேசிக்காய்ப் புளி ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதுவும் நெடுநேரம் ஊற வேண்டாம்; புளி மேல்தசையை வெளுக்க வைத்து மாவாக்கிவிடும். சீனி, தக்காளிச் சோஸ் இரண்டையும் இந்தக் கட்டத்தில் சேர்க்கக் கூடாது. சர்க்கரை சீக்கிரம் கருகும். மஞ்சள் தூளும் வேண்டாம் என்பது என் கருத்து. சுவையில் குற்றமில்லை, ஆனால் எல்லாம் முதலிலேயே மஞ்சளாக இருந்தால் எது சிவந்தது எது சிவக்கவில்லை என்று கண்ணுக்குத் தெரியாது.

இனி அந்த இறுகிய தரை. முட்டையில் தோய்த்துத் தூளில் புரட்டிப் பொரிக்கும் வேலை இலங்கை வீடுகளுக்குப் புதிதல்ல. கட்லட்டும் ரோல்ஸும் செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்ததுதான். ஐரோப்பியர் வழியாக வந்த பழக்கம் அது. ஒல்லாந்தர் 1667 இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அவர்களுடைய பிரிக்கடெல் இறைச்சி உருண்டை இன்றும் பறங்கியர் வீட்டு லம்பிறைஸில் இருக்கிறது. ஆனால் றஸ்க் தூளுக்கும் எள்ளுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. றஸ்க் தூள் துளை துளையாக இருக்கும், முட்டையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். எள்ளின் தோல் வழவழப்பு. அது எதையும் உறிஞ்சாது, மேலே ஒட்டிக்கொண்டு மட்டுமே நிற்கும். அதனால்தான் கட்லட் நன்றாகச் செய்கிறவர்களுக்கும் எள்ளு உதிர்கிறது. பசை இங்கே இன்னும் கவனமாக அமைய வேண்டும்.

உலர்ந்த துண்டுகள் மேல் முதலில் மா. இரண்டு மேசைக்கரண்டி சோள மாவும் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவும் கலந்து, துண்டுகளைப் புரட்டி, அதிகமாக ஒட்டியதைத் தட்டி உதறிவிட வேண்டும். வெள்ளைத் தூசி படிந்த அளவு போதும். கோதுமை மாவில் உள்ள பசைப் புரதம் தோலைச் சற்று இழுவையாக்கும், இந்த மாக்களில் அது இல்லை. இந்த மா மேற்பரப்பில் மீதமிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டு முட்டைக்குப் பிடிமானம் தருகிறது. மா இல்லாமல் நேரே முட்டையில் தோய்த்தால் முட்டை வழிந்துவிடும்.

பிறகு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள் கரு வேண்டாம்; அதில் கொழுப்பு, பசைக்கு ஆகாது. வெள்ளைக்கரு பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு பங்கு புரதம். அந்த ஒரு பங்குதான் நமக்கு வேண்டியது. முள்ளுக்கரண்டியால் நுரை வராமல் கலைத்துவிடுங்கள். நுரை வந்தால் காற்றுக் குமிழ்கள் மேல் எள்ளு உட்காரும், குமிழ் உடைந்ததும் விழும். மாப் பூசிய துண்டைத் தோய்த்து உயர்த்திப் பிடித்து, சொட்டு நிற்கும்வரை வடிய விட வேண்டும்.

எள்ளு அரைக் கிலோவுக்கு 80 முதல் 100 கிராம் போதும். வாங்கியவுடன் கழுவ வேண்டும். களத்து மணல் ஒரு பரல் இருந்தாலும் பல்லில் தெரியும். தண்ணீரில் அலசினால் எள்ளு மேலே வரும், மணல் அடியில் தங்கும். அரித்தெடுத்து வெயிலில் முழுக்க உலர்த்துங்கள். வறுக்கக் கூடாது, வறுபடும் வேலையை எண்ணெய் செய்யும். அகலமான தட்டில் எள்ளைப் பரப்பி, துண்டை வைத்து, மேலேயும் எள்ளைத் தூவி, உள்ளங்கையால் அழுத்துங்கள். புரட்டுவது அல்ல, அழுத்துவது. எள்ளு தட்டையான விதை, மூன்று மில்லிமீற்றர் நீளம் இருக்கும். அழுத்தும்போது ஒவ்வொன்றும் தன் தட்டைப் பக்கத்தால் படுத்துக்கொள்ளும், பசையைத் தொடும் பரப்பு கூடும். கையை எடுத்துப் பார்த்தால் விதைகள் ஒரே அடுக்காக, நடுநடுவே முட்டை பளபளக்கும் சிறு இடைவெளிகளோடு தெரியும். அந்த இடைவெளி தேவை. ஆவி வெளியேறும் வாசல்கள் அவை. இரண்டாம் அடுக்கு எள்ளு எதையும் தொடாமல் இருக்கும், தாச்சியில் உதிரப்போவது அதுதான். ஆகவே துண்டை ஒருமுறை உதறிவிட்டுத் தட்டில் அடுக்குங்கள்.

விதையின் வடிவம் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முழு மல்லி உருண்டை. ஒரே புள்ளியில்தான் பசையைத் தொடும், அதன் எடையே அதை விழுத்திவிடும். மல்லி வாசனை வேண்டுமென்றால் உரலில் ஒன்றிரண்டாக இடித்து எள்ளோடு கலக்கலாம், நாலுக்கு ஒன்று. நற்சீரகமும் பெருஞ்சீரகமும் நீளமானவை, கொஞ்சமாகச் சேர்க்கலாம். கடுகைச் சேர்க்க வேண்டாம். தாளிக்கும்போது பார்த்திருக்கிறோமே, உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடிக்கும், தான் தெறிப்பதோடு பக்கத்து எள்ளையும் பெயர்க்கும். பூசணி விதை, சூரியகாந்தி விதை கிடைத்தால் எள்ளின் அளவுக்கு நறுக்கிப் போடலாம்.

அழுத்தி முடித்த துண்டுகளைக் கால் மணி நேரம் பிரிட்ஜில் மூடாமல் விடுங்கள். மா வெள்ளைக்கருவின் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டிப் பசையாகும், விதை அதில் சற்றுப் புதையும். அவசரப்பட்டு இந்தக் கால் மணி நேரத்தை விட்டுவிட்டால் மற்றக் கவனம் எல்லாம் பாதிக்குத்தான் பலன் தரும்.

எண்ணெய் தாச்சியில் இரண்டு அங்குல ஆழம் இருக்கட்டும். அளவு 165 முதல் 170 பாகை. வெப்பமானி இல்லாத வீட்டில் எள்ளே அளவுகோல். நாலைந்து விதைகளைப் போடுங்கள். அடியில் கிடந்தால் சூடு போதாது. உடனே நிறம் மாறினால் அதிகம், அடுப்பைக் குறைத்துப் பொறுக்க வேண்டும். சுற்றிச் சிறு குமிழ்களோடு மெதுவாக மேலே வந்து, நிறம் மாற நேரம் எடுத்தால் சரி. சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் இந்தச் சூட்டைத் தாராளமாகத் தாங்கும். சுத்திகரிக்காத எண்ணெய் இன்னும் சற்றுச் சூடேறினால் புகையத் தொடங்கிவிடும், அதனால் அதில் பொரித்தால் தணலைக் கூட்டாதீர்கள்.

துண்டை எண்ணெயின் மேல் இருந்து போடாமல், பக்கத்தில் இருந்து வழுக்கி இறக்குங்கள். முதல் அரை நிமிடம் அகப்பை தாச்சிக்குள் போகவே கூடாது. அந்த அரை நிமிடத்தில்தான் தரை இறுகுகிறது. வெள்ளைக்கரு 60 பாகையைத் தாண்டியதும் உறையத் தொடங்கி 80க்கு மேல் நன்றாக இறுகும். சோள மா 60க்கும் 70க்கும் இடையில் ஊதிப் பசையாகும், அரிசி மா இன்னும் சற்றுப் பிந்தும். எல்லாம் கூடி இறுகும் முன் கிளறினால் எள்ளு எண்ணெயில், கோழி தனியே. இறுகிவிட்டால் நீங்கள் புரட்டிப் புரட்டி எடுத்தாலும் ஒரு விதை நகராது.

ஒரே நேரத்தில் நாலைந்து துண்டுக்கு மேல் வேண்டாம். குளிர்ந்த துண்டுகள் நிறைய விழுந்தால் எண்ணெயின் சூடு சடாரென்று இறங்கும், ஆவி வெளியேறும் வேகம் தளரும். வேகமாக ஆவி வெளியே வரும்வரை எண்ணெய்க்கு உள்ளே போக வழியில்லை. ஒரு பங்கு தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 பங்கு இடம் கேட்கும், அந்தத் தள்ளுதலே எண்ணெயை வெளியே நிறுத்துகிறது.

இனிக் காதுக்கு வேலை. போட்டவுடன் ஓங்கிய இரைச்சல், பெரிய குமிழ்கள், துண்டே தெரியாத அளவு பொங்கல். ஒன்றரை நிமிடத்தில் குமிழ் சிறுக்கத் தொடங்கும். ஒருமுறை புரட்டிவிடுங்கள். மூன்றாவது நிமிடத்தில் இரைச்சல் இறங்கி, சிறு சிறு வெடிப்பாகக் கேட்கும். அடுப்படியில் பழகிய தாய்மார் “சத்தம் அடங்கட்டும் மகள், பொறு” என்று சொல்வது இதைத்தான்: மேல்படையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, பரல் விழும் நேரம் வந்துவிட்டது என்பதற்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. ஆனால் முழுக்க அடங்கும்வரை விடக்கூடாது. முழுக்க அடங்கியது என்றால் உள்ளே இருந்த சாறும் போய்விட்டது என்று பொருள். சத்தம் பாதியாகி, எள்ளு இளம்பொன் நிறத்தில் இருக்கும்போதே எடுங்கள். வெளியே வந்த பிறகும் அது கொஞ்சம் சிவக்கும். இறைச்சியின் நடுவில் 74 பாகை இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் இருப்பதில் கனமான துண்டை வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு எங்கும் இருக்கக்கூடாது, வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும்.

எடுத்த பிறகு வரும் அரை நிமிடம் பொரித்த நேரத்துக்குச் சமமாக முக்கியம். பொரியலில் ஏறும் எண்ணெயில் பெரும்பங்கு தாச்சிக்குள் ஏறுவதில்லை, வெளியே எடுத்த பிறகுதான் ஏறுகிறது. சூடு குறையும்போது துளைகளில் இருந்த ஆவி சுருங்கித் தண்ணீராகும். அங்கே உண்டாகும் வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கும். ஆகவே தாச்சிக்கு மேலேயே வடிகரண்டியில் வைத்து நன்றாகக் குலுக்கி, சூடு ஆறும் முன் எண்ணெயை வடித்துவிட வேண்டும்.

பிறகு மழை. உள்ளே இறைச்சி இன்னும் கொதிப்பில் இருக்கிறது, அதில் இருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். தட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், மூடி போட்டால், தாளை விரித்து அதன் மேல் படுக்க வைத்தால், அந்த ஆவி அடியில் தண்ணீராகித் தோலை நனைக்கும். கம்பித்தட்டில் துண்டுக்குத் துண்டு இடம் விட்டு வையுங்கள், கீழேயும் காற்றுப் போகட்டும். கடையில் வாங்கிய பொரியல் பெட்டியைத் திறக்கும்போது தொய்ந்திருப்பதற்கு மூடிய பெட்டியே காரணம். ஆவி போக வழியில்லை.

கரையோர வீடுகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பொரித்த பிறகு மேலே உப்புத் தூவும் பழக்கம். சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடற்கரைக் காற்று பல நாட்களில் அதற்கு மேலேதான் நிற்கிறது. சுத்திகரிக்காத கல்லுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கும். அது 33 சதவீத ஈரப்பதனிலேயே நீரை இழுக்கும். உப்பளத்தில் உப்பை வாரிக் குவித்து, கசப்புநீர் வடியும்படி நாள்பட வைப்பதும் இதற்காகத்தான். ஆகவே உப்பு முழுவதும் இறைச்சிக்குள் இருக்கட்டும், தோலுக்கு மேல் வேண்டாம். தேசிக்காயையும் மேலே பிழியாமல் பக்கத்தில் வையுங்கள்; சாப்பிடுகிறவர் தன் துண்டுக்குப் பிழிந்துகொள்ளட்டும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கி உப்பும் புளியும் போட்டுப் பிசைந்த சம்பல் இதற்கு நல்ல துணை. அதையும் தனிக் கிண்ணத்தில்தான் வைக்க வேண்டும்.

விருந்தாளிகளுக்குச் செய்வதானால் எள்ளு ஒத்துக்கொள்ளுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எள்ளு ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும்; அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொதிகளில் எள்ளைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறார்கள்.

எண்ணெயில் பொரிக்க விருப்பமில்லாதவர்கள் அவணில் அல்லது எயர் பிரையரில் செய்யலாம், ஒரு மாற்றத்தோடு. அங்கே சூட்டைக் கொண்டுவருவது காற்று. எண்ணெயைவிட மிக மெதுவாகத்தான் அது சூட்டைக் கொடுக்கும். கோழி வெந்துவிடும், எள்ளு வெளுத்தே இருக்கும். அதனால் எள்ளை முன்கூட்டியே இளஞ்சூட்டில் வெதுப்பி, மேலே சிறிது எண்ணெய் பூசி, 200 பாகையில் வைக்க வேண்டும். தாச்சியில் வரும் அதே நொறுங்கல் வராது. நன்றாகவே இருக்கும், ஆனால் வேறு பலகாரம் என்று எண்ணிச் சாப்பிட வேண்டும்.

மிஞ்சிய துண்டுகளை வெறும் தாச்சியில், மூடாமல், சிறு தணலில் திருப்பித் திருப்பிச் சூடாக்கினால் தோலில் ஏறிய ஈரம் போய்விடும். மைக்ரோவேவ் அதற்கு நேர்மாறு. உள்ளே உள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தோலை நோக்கித் தள்ளும். பொரித்த எண்ணெயை ஆறியவுடன் துணியில் வடித்துவிடுங்கள். அடியில் தங்கிய எள்ளு அடுத்த முறை கருகி எல்லாவற்றுக்கும் கசப்பு ஏற்றும்.

காற்று ஓய்ந்து, வள்ளங்கள் இறங்கி, மீன் மலிந்த பிறகும் இதே முறையில் அறுக்குளாவையோ பாரையையோ செய்யலாம். ஆனால் கணக்கு தலைகீழாகும். மீன் தசை 63 பாகையிலேயே வெந்துவிடும், விரல் கனத் துண்டுக்கு இரண்டரை நிமிடம் போதும். கோழியில் எள்ளு முந்திவிடுமோ என்று பயந்தோம்; இங்கே மீன் முந்திவிடும், எள்ளு வெள்ளையாக நிற்கும். எண்ணெயை 175 பாகைக்கு உயர்த்துங்கள். எள்ளைத் தாச்சியில் நிறம் மாறாத அளவுக்கு ஒரு நிமிடம் வெதுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு உப்பைக் கால் மணி நேரத்துக்கு முன் போட்டு, ஊறும் நீரைத் துணியால் ஒற்றிவிட்டு, பிறகுதான் மாவில் புரட்ட வேண்டும்.